பந்து நன்றாகத்தான் இருக்கிறது, அம்மாவை எழுப்புங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. மூன்று வாரத்துக்கு முன் வீட்டில் தடுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. இதய ஸ்கேனுக்காகக் காத்திருந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து 40 மணி நேரம் கழித்துத்தான் ஆபரேஷன் நடந்தது. எலும்புச் சிமெண்ட் வைத்து, கோபால்ட்-குரோமியப் பந்து பொருத்தி, இடுப்பு மூட்டில் பாதியை மாற்றியிருக்கிறார்கள். அதன்பின் இரண்டு இரவு அம்மா ஆளே மாறிப்போனார். அறையில் யாரோ நிற்பதாகச் சொன்னார். நான் பொருளறிவியல் ஆராய்ச்சி மாணவன். இரவெல்லாம் ஆய்வுக்கட்டுரைகள் படிக்கிறேன். செராமிக் பந்து கேட்டிருக்க வேண்டுமோ? சிமெண்டிலிருந்து கசிந்த மோனோமர் என்கிற இறுகாத மூலப்பொருள்தான் அந்தக் குழப்பத்துக்குக் காரணமோ? மறுபடி மாற்றலாமா? நிர்வாகத் துறையில் இருக்கும் அக்கா, "பந்தில் ஒன்றுமில்லை, அந்த 40 மணி நேரம்தான் தப்பு" என்கிறார். யார் சொல்வது சரி? அம்மாவின் அறைக்கு மெத்தென்ற ரப்பர் தரை போடவும் யோசிக்கிறேன். இப்போது அம்மா பெரும்பாலும் படுத்தேதான் இருக்கிறார். மறுபடி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் நாங்களும் எழ விடுவதில்லை.

முதியோர் மருத்துவரின் பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பியது நான்கு பக்கக் கடிதம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அதில் மூன்றரைப் பக்கம் பந்து, சிமெண்ட், தரை. அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்பதற்குக் கடைசியில் ஒரு வரி. எனக்குப் பயம் தந்தது அந்த வரிதான். அதனால் நீங்கள் கேட்ட வரிசையை விட்டுவிட்டு, எனக்கு அவசரமாகப்படுகிற வரிசையில் சொல்கிறேன்.

மறுபடி மாற்ற வேண்டாம். வலி குறைந்து, புண் ஆறி, எக்ஸ்ரேயில் சரியாக உட்கார்ந்திருக்கிற ஒரு மூட்டை, பொருள் பிடிக்கவில்லை என்பதற்காக எந்த டாக்டரும் திறக்க மாட்டார், திறக்கவும் கூடாது. இன்னொன்றும் கவனியுங்கள். நீங்கள் பட்டியல் போட்டிருக்கும் கட்டுரைகள் எல்லாமே முழு மூட்டு மாற்றத்தைப் பற்றியவை. அதில் பந்தும் செயற்கை, கிண்ணமும் செயற்கை. செராமிக்கா உலோகமா என்ற சண்டை, அந்தப் பந்து பிளாஸ்டிக் கிண்ணத்தின் மேல் வருஷக்கணக்கில் உரசி எவ்வளவு தேய்க்கிறது என்பதைப் பற்றியது. உங்கள் அம்மாவுக்கு மாற்றியது பந்தை மட்டும். அது அசைவது அவருடைய சொந்தக் குருத்தெலும்பின் மேல். இரட்டைப் பந்து வகையாக இருந்தால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் படித்தது தப்பில்லை. ஆனால் அது வேறொருவருடைய மூட்டைப் பற்றிய படிப்பு.

இனி படுக்கைக்கு வருகிறேன்.

2007ல் வந்த ஓர் ஆய்வு. நோய் நொடி இல்லாத, நன்றாக நடமாடுகிற, சராசரி 67 வயதுள்ள ஒரு சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். பத்தே நாள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்துபோயிருந்தது. அவர்களுக்கு எலும்பு முறியவில்லை, ஆபரேஷன் நடக்கவில்லை, ஒன்றும் இல்லை. உங்கள் அம்மா 76 வயதில், ஒரு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு, மூன்று வாரமாகப் படுத்திருக்கிறார். விழாமல் இருக்கட்டும் என்றுதான் எழ விடாமல் வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் கால் பலம் குறைந்துகொண்டே போகிறது. நாளைக்கு அவர் எழுந்தே ஆக வேண்டியிருக்கும்போது விழுவதற்கான காரணத்தை இன்றைக்கு நாமே சேர்த்து வைக்கிறோம்.

பயப்படாதீர்கள், போன பலம் திரும்ப வரும். 1990ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறைத் தாண்டியவர்களுக்கு முடிந்தது உங்கள் அம்மாவுக்கும் முடியும்.

சிமெண்ட் வைத்த பாதி மூட்டில், முழு எடையையும் ஊன்றி நடக்க ஆபரேஷன் முடிந்த மறுநாளே சொல்வதுதான் வழக்கம். உங்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் இன்றைக்கே போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு எடை ஊன்றலாம், எந்த அசைவு கூடாது. காலைக் குறுக்காகப் போடுவது, இடுப்பை ரொம்ப மடக்கிக் குனிவது போன்றவற்றைச் சில வாரத்துக்குத் தடுத்திருக்கலாம். அது மூட்டை எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அனுமதி கிடைத்ததும் ஆரம்பித்துவிடுங்கள், பிசியோதெரபிஸ்டையும் வரச் சொல்லுங்கள்.

எழுப்புவதை வார்டில் நான் தினமும் பார்க்கிறேன். பாசத்தில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள். வேண்டாம். தோள் வலிக்கும், அதோடு அவருடைய கால் வேலையே செய்யாது. கைப்பிடி வைத்த, முழங்கால் உயரத்துக்குக் குறையாத நாற்காலியில் உட்கார வையுங்கள். இருக்கையின் விளிம்பு வரை நகர்ந்து வரட்டும். நல்ல காலைப் பின்னுக்கு இழுத்து, ஆபரேஷன் செய்த காலைக் கொஞ்சம் முன்னால் வைக்கட்டும். இரண்டு கையும் நாற்காலியின் கைப்பிடியில் இருக்க வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் வாக்கர் கவிழ்ந்துவிடும். கைப்பிடியை அழுத்தி எழுந்து, நிமிர்ந்த பிறகுதான் ஒவ்வொரு கையாக வாக்கருக்கு மாற வேண்டும். எழுந்ததும் உடனே அடி எடுத்து வைக்க வேண்டாம். பத்து எண்ணும் வரை நிற்கட்டும். தலை சுற்றினால் அப்படியே உட்காரலாம், நாற்காலி பின்னால்தான் இருக்கிறது. நீங்கள் ஆபரேஷன் செய்த பக்கத்தில், அரை அடி பின்னால், இடுப்பருகே கையை வைத்துக்கொண்டு நில்லுங்கள். வலி மாத்திரையை நடப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள். வலித்த பிறகு கொடுத்தால் அன்றைய நடை போய்விடும்.

ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் புரதம் இருக்கட்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது ஒரு நாளைக்கு வேண்டும், இப்படி ஆபரேஷனிலிருந்து தேறும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வையுங்கள்.

அந்த இரண்டு இரவுகள் உங்களை எவ்வளவு உலுக்கியிருக்கின்றன என்று எழுத்திலேயே தெரிகிறது. பெற்ற தாய் நம்மை யாரென்று பார்க்கும்போது வரும் நடுக்கம் சொல்லி முடியாது. அம்மாவுக்கு வந்த அந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். உடம்புக்கு வந்த அதிர்ச்சியில் மூளை தற்காலிகமாகத் தடுமாறுவது. இடுப்பு முறிந்த முதியவர்களிடம் இது மிகவும் சகஜம். நீங்கள் சந்தேகப்படும் மோனோமர் இதற்குக் காரணமில்லை. சிமெண்ட் பத்து, பதினைந்து நிமிஷத்தில் இறுகிவிடும். அதனால் வரக்கூடிய ஆபத்து, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது. அது சிமெண்ட் வைக்கிற அந்த நேரத்தில், மயக்க மருத்துவரின் கண்ணெதிரே நடப்பது. அம்மா அதைத் தாண்டி வந்துவிட்டார். முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்திருந்தால் குழப்பம் வந்திருக்காதோ என்றும் சிலர் கேட்பார்கள். 2021ல் 1,600 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வில், முதுகு ஊசியோ முழு மயக்கமோ, இரண்டு பக்கமும் சுமார் 20 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது.

டெலிரியத்தைக் குறைப்பது சின்னச் சின்ன வேலைகள்தான். 1999ல் வந்த, இன்றும் நாங்கள் பின்பற்றும் ஓர் ஆய்வில், 70 வயது தாண்டிய 852 உள்நோயாளிகளில் ஒரு சாராருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள், காது மெஷினைத் தேடிக் கொடுத்தார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள், இரவில் தூங்க விட்டார்கள், பகலில் நடக்க வைத்தார்கள், இன்றைக்கு என்ன நாள் என்று பேச்சுக் கொடுத்தார்கள். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கியது. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அம்மாவின் மூக்குக்கண்ணாடி நான்கு நாள் அக்காவின் கைப்பையில் இருந்தது என்று. யாரையும் குறை சொல்ல இதை எடுத்துக் காட்டவில்லை. மங்கலான அறை, பழக்கமில்லாத சத்தம், கண்ணாடி இல்லாத கண்: மாட்டி வைத்த அங்கி ஆளாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. இப்போதும் சில சமயம் குழம்புகிறாரா, பகலில் அளவுக்கு மீறித் தூங்குகிறாரா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மூன்று நான்கு மாதம் கழித்து ஒரு முறை ஞாபகசக்திப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். டெலிரியம் வந்தவர்களுக்கு அது தேவை.

இப்போது உங்கள் துறைக்கு வருகிறேன், எனக்கும் பிடித்த இடம் அது. டெஃப்லானின் கதை உங்களுக்குத் தெரியுமா? இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் 1950களின் கடைசியில் இடுப்பு மூட்டுக்கு டெஃப்லான் கிண்ணம் வைத்தார். அதைவிட வழுக்கலான பொருள் கிடையாது, உராய்வே இல்லை, தாளில் பார்த்தால் அப்பழுக்கற்ற தேர்வு. சில வருஷத்துக்குள் கிண்ணங்கள் தேய்ந்து, அந்தத் தூள் உடம்புக்குள் அழற்சியைக் கிளப்பி, நோயாளிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அதே பொருளின் தூளைத் தன் தொடையிலேயே ஏற்றிப் பார்த்தவர் அவர். பிறகு ஒரு விற்பனையாளர், தறி இயந்திரங்களின் பற்சக்கரத்துக்குப் பயன்படும் ஒரு பிளாஸ்டிக்கோடு வந்தார். சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் அதை அழுத்திப் பார்த்தார், பள்ளம் விழுந்தது, இது உதவாது என்று போய்விட்டார். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன் மட்டும் விடவில்லை. துண்டைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓட விட்டார். நாள் கணக்கில் ஓடியும் தேய்மானம் கண்ணில் படுகிற அளவுக்கு இல்லை. 1962 நவம்பரில் சார்ன்லி நோயாளிகளுக்கு வைக்க ஆரம்பித்த பாலிஎத்திலீன் கிண்ணம் அதுதான். இன்றைக்கு உலகமெங்கும் வைக்கிற கிண்ணங்களில் பெரும்பாலானவை அதன் வம்சம்.

செராமிக்கையே முழுதாக நம்புகிறீர்களே, அதனால் இன்னொன்று. சிர்கோனியா என்ற செராமிக்கில் பந்து செய்துகொண்டிருந்த பிரெஞ்சு நிறுவனம் ஒன்று, தொகுதி தொகுதியாகச் சுடும் பழைய உலையிலிருந்து தொடர்ந்து ஓடும் சுரங்க உலைக்கு மாறியது. பொருள் அதேதான், வாய்பாடு அதேதான். ஆனால் புது உலையில் சுட்ட சில தொகுதிப் பந்துகள் நோயாளிகளின் இடுப்புக்குள்ளேயே உடைந்தன. 2001ல் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். பொருளறிவியல் எங்கே முடிந்து நிர்வாகம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால், நான் அந்த உலையைத்தான் காட்டுவேன். அக்காவும் நீங்களும் சண்டை போடுவது அதனாலேயே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்குச் செய்தது சரியான தேர்வா என்பதற்கு நேரடியான பதிலும் இருக்கிறது. 2022ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், 60 வயது தாண்டி இதே முறிவோடு வந்த 1,225 பேரில் பாதிப்பேருக்குச் சிமெண்டோடும், பாதிப்பேருக்குச் சிமெண்ட் இல்லாமலும் பாதி மூட்டு வைத்தார்கள். சிமெண்ட் வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் ஓரளவு மேலாக இருந்தது, மூட்டைச் சுற்றி எலும்பு மறுபடி முறிவதும் குறைவு. முழு மூட்டே வைத்திருக்கலாமோ என்றால், 2019ல் 1,495 பேரிடம் நடந்த ஒப்பீட்டில் இரண்டு வருஷத்துக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் முழு மூட்டில் 7.9 சதவீதம், பாதி மூட்டில் 8.3 சதவீதம். உங்கள் டாக்டர் பழைய முறையைக் கையாளவில்லை. புதிய ஆய்வுகள் சொல்வதைத்தான் செய்திருக்கிறார்.

அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கிற அளவுக்கு நேர்கோட்டில் இல்லை. 2020ல் 17 நாடுகளில் 2,970 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. கண்டுபிடித்த ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஒரு பக்கம், வழக்கமான வேகம் மறுபக்கம். வழக்கமான பக்கத்தில் அது 24 மணி நேரம். 90 நாளில் இறந்தவர்கள் 9, 10 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் ஆபரேஷன் ஆனவர்களுக்கு டெலிரியம் குறைவு, அவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். இங்கிலாந்தில் 36 மணி நேரத்துக்குள் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 40 மணி நேரம் கொஞ்சம் தாமதம்தான். இதய ஸ்கேனுக்காகக் காத்திருந்தது அவசியமா என்று அக்கா கேட்பது நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக்கு அதை அமைதியாக எழுதி அனுப்பட்டும், அடுத்து வருகிற யாரோ ஒரு அம்மாவுக்கு உதவும்.

அவருடைய துறைக்குப் பெருமை சேர்க்கிற செய்தியும் உண்டு. இங்கிலாந்தில் 2007ல் இடுப்பு முறிவு ஒவ்வொன்றையும் தேசியப் பதிவேட்டில் ஏற்ற ஆரம்பித்தார்கள். எத்தனை மணி நேரத்தில் ஆபரேஷன், முதியோர் மருத்துவர் எப்போது பார்த்தார், எலும்புக்கு மருந்து கொடுத்தார்களா என்று ஆஸ்பத்திரிவாரியாக எண்ணிப் பகிர்ந்தார்கள். 2010லிருந்து இவற்றைச் சரியாகச் செய்த ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் தொகையும் கொடுத்தார்கள். முப்பது நாளுக்குள் இறப்பது 2007ல் 10.9 சதவீதமாக இருந்தது, 2011ல் 8.5க்கு இறங்கியது. ஆய்வாளர்கள் இதைப் புதிய உலோகத்தின் கணக்கில் எழுதவில்லை, அந்தப் பதிவேட்டின் கணக்கில்தான் எழுதினார்கள். ஆனால் ஒழுங்கையும் காகிதத்தில் மட்டும் வைத்துப் பயனில்லை. ஆபரேஷனுக்கு முன் சரிபார்க்கும் பட்டியலை எட்டு நகர ஆஸ்பத்திரிகளில் கொண்டுவந்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்குக் குறைந்ததாக 2009ல் எழுதினார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் 101 ஆஸ்பத்திரிகளில் அதே போன்ற பட்டியலைக் கட்டாயமாக்கியபோது, குறிப்பிடும்படி ஒன்றும் மாறவில்லை என்று 2014ல் வந்தது. பட்டியலை டிக் செய்வது ஒன்று, ஒருவர் தயங்காமல் "ஒரு நிமிஷம், இது சரியில்லை" என்று சொல்ல முடிவது இன்னொன்று.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வீட்டிலும் அதே கதைதான். ஏமி எட்மண்ட்சன் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் 1996ல் எழுதியது நினைவுக்கு வருகிறது. நல்ல தலைமை உள்ள வார்டுகளில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. காரணம், அங்கே நர்ஸுகள் பயமில்லாமல் வாய்விட்டுச் சொன்னார்கள். இப்போது யோசியுங்கள்: பாத்ரூம் போகும்போது லேசாகத் தடுமாறினால் உங்கள் அம்மா உங்களிடம் சொல்வாரா? "நான்தான் எழாதே என்றேனே" என்று அதட்டுவீர்கள் என்று தெரிந்தால் மறைத்துவிடுவார். ஒவ்வொரு தடுமாற்றமும் அடுத்த விழுகையின் முன்னறிவிப்பு, அது நமக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அவர் சொல்லும்போது திட்டாமல், எங்கே, எப்போது, எந்தக் கால் என்று மட்டும் கேளுங்கள். காலையில் யார் நடக்க வைப்பது, மாலையில் யார், மாத்திரை யார் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுகிற வேலையை அக்காவிடம் கொடுங்கள். அவர் உங்களைவிட நன்றாகச் செய்வார்.

ரப்பர் தரை வேண்டாம். கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் 150 அறைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு அதிர்ச்சி தாங்கும் மெத்தென்ற அடித்தளமும் மறு பாதிக்கு ஒட்டுப்பலகையும் போட்டு நான்கு வருஷம் பார்த்தார்கள். ஆய்வகத்தில் மோதலின் விசையைக் குறைத்துக் காட்டிய அதே தரை, ஆட்கள் வாழும் அறையில் பெரிய காயங்களைக் குறைக்கவில்லை. 2019ல் வெளியான முடிவு இது. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவில் எரியும் விளக்கு, சுவரில் கைப்பிடி, உயர்த்திய கழிப்பறை இருக்கை, நழுவும் மிதியடியை எடுத்துவிடுவது, குறுக்கே ஓடும் வயரைச் சுருட்டிவிடுவது போதும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தால் அதுவே ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புப்புரைக்குச் சான்று. எலும்புக்கு மருந்து ஆரம்பித்தார்களா? நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள், முறிவைச் சரிசெய்ததோடு வேலை முடிந்தது என்று. 2007ல் வந்த ஆய்வில் இடுப்பு முறிந்த 2,127 பேரில் பாதிப்பேருக்கு, ஆபரேஷனான 90 நாளுக்குள், வருஷத்துக்கு ஒரு முறை ஸோலெட்ரானிக் அமில ஊசி போட்டார்கள். புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்பும் குறைந்தது. முன்னதாகச் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி அளவு பார்க்க வேண்டும், பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட வேண்டும். வைட்டமின் டியால் முறிவு குறையவில்லை என்று 2022ல் 25,871 பேரிடம் நடந்த ஆய்வை நீங்கள் படித்துவிட்டு இதை ஒதுக்கிவிடக்கூடும். அவர்கள் பொதுவாக ஆரோக்கியமானவர்கள். எலும்புப்புரைக்காகவோ வைட்டமின் டி குறைவுக்காகவோ அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, இது சரியான நேரம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது நீங்களே கேளுங்கள்.

நடக்க ஆரம்பித்த பிறகு கொஞ்சம் வலியும் வீக்கமும் இருக்கும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தையலில் கசிவோ காய்ச்சலோ வந்தாலோ, இடுப்பில் சட்டென்று கடும் வலி வந்து கால் குட்டையாகத் தெரிந்தாலோ, எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அம்மாவை உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், மூக்குக்கண்ணாடியோடு.